தறிச் சத்தத்துக்குள் ஒரு சத்தம்

மறுபடியும் அதே சத்தம். டக், டக், ஒன்று விட்டு மறுபடி டக். சாவியைத் திருப்பியதும் வருவதில்லை, வண்டி பிடித்து ஒரு மூச்சு ஓடி, சரி, இந்தத் தடவை தப்பித்தோம் என்று நான் நினைக்கிற நேரம் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் சத்தமும் கூடவே ஏறுகிறது, பின்னால் சைலன்சரிலிருந்து கறுப்பாகக் குப்பென்று கிளம்பி வாசல் முழுக்கப் பரவி, துணிக் கொடி வரைக்கும் போகிறது. என் மனைவி புனிதா உள்ளேயிருந்து ஓடிவந்து பாப்பாவின் பட்டுப் பாவாடையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு போகிறாள். காலையில் அவள் தம்பியை நான் கேட்ட கேள்விக்குப் பிறகு என்னிடம் அவள் பேசவில்லை, பேசாவிட்டால் போகட்டும், என் இஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த வேனின் இஞ்சினைப் பிரித்ததும் நான், பூட்டியதும் நான். பிரிக்கும்போது இந்தச் சத்தம் இல்லை, இந்தப் புகை இல்லை. ஆயில் குடித்தது, பின்னால் லேசாக நீலப் புகை விட்டது, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ரிங் மாற்றினேன், ஹெட் கேஸ்கட் மாற்றினேன், நீலம் போய்விட்டது, கறுப்பு வந்துவிட்டது. பட்டறையில் விட்டிருக்கலாம். விட மாட்டேன். பட்டறைக்காரன் நம் வண்டியிலிருக்கிற நல்ல பம்ப்பைக் கழற்றி வேறு வண்டிக்குப் போட்டுவிட்டுச் செத்த பம்ப்பை நம் தலையில் கட்டுவான், நான் பார்த்திருக்கிறேன், பார்க்கவில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன், இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் வீட்டு வாசலிலேயே தார்ப்பாயை விரித்து, கழற்றிய போல்ட்டுகளை இட்லித் தட்டுக் குழிகளில் வகைவகையாகப் போட்டு, வெயிலில் காய்ந்து, வெளியாள் கை படாமல் வேலை பார்த்தேன். பட்ட ஒரே வெளிக் கை பூபதியின் கை. அவன் என் மனைவியின் தம்பி, மச்சினன் கை வெளிக் கையா என்று அவள் கேட்பாள். கேட்கட்டும்.

அவனை வரச் சொன்னதும் நான்தான், அதை மறுக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் விசைத்தறி ஓட்டுகிறான், ஷிப்ட் முடிந்து தூங்க வேண்டிய நேரத்தில் பஸ் ஏறி வந்து எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான், டார்ச் பிடித்தான், ஹெட்டைத் தூக்கும்போது ஒரு பக்கம் பிடித்தான். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறவன் ஒரு தடவையாவது கொட்டாவி விடமாட்டானா? இன்றைக்குக் காலையில் அவன் வந்து பையை வைப்பதற்குள் நான் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினேன், சத்தம், புகை, எல்லாம் காட்டினேன். "உள்ள என்னத்தடா போட்டுத் தொலச்ச?" என்று கேட்டேன். ஒரு வாஷரையோ நட்டையோ கை தவறி சிலிண்டருக்குள் விட்டுவிட்டுப் பயத்தில் மறைக்கிறானோ என்றுதான் கேட்டேன், வேறு எதுவும் மனசில் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் அவன் முகம் போன போக்கு இருக்கிறதே. என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அப்புறம்தான், "நானொன்னும் போடலீங் மாமா" என்றான். ஒன்றும் போடாதவன் எதற்கு அக்காவைப் பார்க்க வேண்டும்? "போடாதவனுக்கு எதுக்குடா மொகம் வெளுக்குது?" "இல்லீங் மாமா." என்ன இல்லை? நாளைக்கு விடிகாலை இந்த வண்டியில்தான் எல்லாரும் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போகிறோம், கரட்டுக் குன்றின் மேல் கோயில், கொண்டையூசி மாதிரி வளைகிற செங்குத்தான பாதை என்று அம்மா சொல்வாள், என் மகள் இளவேனிலுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அது பூபதியின் மடி. எனக்கு என்ன தோன்றியதோ, "எம்புள்ளய ஏத்தீட்டு மல ஏற்ற வண்டிக்குள்ள கைய வெச்சவன் மடில அவள உக்கார வெக்கறதான்னு யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது, அதை வேஸ்ட் துணியில் துடைத்துத் தார்ப்பாயின் மேல் அதன் இடத்தில் வைத்தான், பையை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

சொன்னது அதிகம்தான். தாய்மாமனைப் பார்த்து மடி வேண்டாம் என்று சொன்னால் உறவு வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அர்த்தம், அது எனக்கும் தெரியும், புனிதாவுக்கும் தெரியும், அதனால்தான் உள்ளே பாத்திரங்கள் இவ்வளவு சத்தமாக வைக்கப்படுகின்றன. ஆற்றைத் தாண்டுகிற பஸ் உச்சி வேளைக்குத்தான் வரும், அதுவரைக்கும் அவன் தெருக்கோடி நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பான், ஏறிவிட்டானென்றால் நாளைக்கு வரமாட்டான், நாளைக்கு வராதவன் அப்புறம் எப்போதுமே வரமாட்டான். புனிதா இரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்துவிட்டாள், அணைத்து வைத்திருக்கிறான். நான் போய்க் கூப்பிடலாம். எதற்குக் கூப்பிட வேண்டும்? முதலில் தெரியட்டும். அவன் தப்பில்லை என்று தெரிந்தால் கூப்பிடுகிறேன், தப்பென்று தெரிந்தால் பஸ்ஸில் ஏறட்டும், நியாயம் அதுதானே. ஏன் நொண்டுகிறான்? போன வாரம் வேலை நடந்தபோதே நொண்டினான். "என்னடா காலுக்கு?" என்று கேட்டேன், "ஒன்னுமில்லீங் மாமா, சும்மா" என்றான். சும்மா யாருக்காவது கால் நொண்டுமா? நான் கேஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது ஹெட்டைத் தூக்கிக் காலில் போட்டுக்கொண்டிருப்பான், அதுதான், வேறென்ன, காலில் விழுந்த ஹெட் தரையிலும் விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விட்டிருக்கும். ஆனால் விரிசல் விட்டால் தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் புகை வெள்ளையாக வரும், இது கறுப்பு. கறுப்பென்றால் டீசல் அதிகம், எரிய முடியாமல் வெளியே வருகிறது. நாசில் ஒழுகுகிறது, அல்லது பம்ப் டைமிங் தள்ளியிருக்கிறது. டைமிங் குறியை நான்தான் சேர்த்தேன். டார்ச் பிடித்தது அவன். சக்கரத்தில் ஒரு பல் தள்ளிக் காட்டுகிற மாதிரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்திருப்பானா? அப்படியும் ஒருவன் செய்வானா என்றால், ஏன் செய்யக்கூடாது, "வண்டிய வித்துப்போட்டு நாலு தறி போடுங்க மாமா, நானும் கூட நிக்கறேன்" என்று அவன் சொன்னதில்லையா, ஒரு தடவை இல்லை, பொங்கலுக்கு ஒரு தடவை, பாப்பா பிறந்தநாளுக்கு ஒரு தடவை. வண்டி செத்தால் நான் தறிக்குப் போய்த்தானே ஆகவேண்டும்.

தறி என்றாலே எனக்கு ஆகாது. கோபி பக்கம் வாய்க்கால் கரையில் வளர்ந்தவன், தண்ணீர்ச் சத்தமும் கொக்குச் சத்தமும் கேட்டு வளர்ந்த காது இது. கல்யாணம் கட்டி இந்தத் தெருவுக்கு வந்த முதல் நாள், வலது பக்கம் தறி, இடது பக்கம் தறி, பின்னால் தறி, சடக் சடக் சடக் என்று சுவரே அதிர்ந்தது, இதில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டேன். பேசிக்கொள்வதில்லை. அதுதான் விஷயம். தறிக்காரர்கள் வாயசைவைப் பார்த்தே பேசுவார்கள், குரலே வராது, உதடு மட்டும் அசையும், கூட ஒரு விரல், ஒரு புருவம், அந்தக் கோடியில் தறி ஓட்டுகிறவனும் இந்தக் கோடியில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவளும் நாளெல்லாம் ஊர்க்கதை பேசுவார்கள். புனிதாவும் பூபதியும் தறிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளைகள். அவர்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. எனக்கு வரவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே என் கண் முன்னால் அக்காவும் தம்பியும் உதட்டை அசைத்துக்கொண்டார்கள், என்னைப் பற்றித்தான், என் மீசையைப் பற்றியோ சட்டையைப் பற்றியோ, அவள் சிரித்தாள், இன்றுவரை என்ன சொன்னான் என்று சொல்லவில்லை, "நெனவில்லீங்க" என்கிறாள். இவ்வளவு வருஷமாக என் வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு பாஷை ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது பாப்பாவும் கற்றுக்கொண்டுவிட்டது. அம்மா அடுப்படியில் உதட்டை அசைக்கிறாள், இது வாசலிலிருந்து தலையாட்டிவிட்டு ஓடுகிறது, நடுவில் அப்பன் நான் நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். ஹெட்டைப் பூட்டி முடித்த அன்று சாயங்காலம் நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வருகிறேன், பானெட் திறந்திருக்கிறது, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள், இரண்டு பேர் உதடும் அசைகிறது. என்னைப் பார்த்ததும் நின்றது. அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். அவன் பானெட்டை மூடினான், நான் மூடச் சொல்லவில்லை. அவன் விரல் நுனியில் மஞ்சளாக ஏதோ இருந்தது, கிரீஸ் என்று நினைத்தேன், மஞ்சள் கிரீஸ் நான் வாங்கவே இல்லையே. அன்றைக்கு இதை யோசிக்கவில்லை. யோசிக்காமல் விட்டதற்குத்தான் இன்று அனுபவிக்கிறேன்.

சரி, யோசனை போதும், வேலையைப் பார். ஒவ்வொரு நாசிலுக்கும் போகிற டீசல் குழாயின் நட்டை ஓடும்போதே கொஞ்சம் தளர்த்திப் பார்ப்பார்கள், அந்த சிலிண்டரில் கோளாறு என்றால் அந்த நட்டைத் தளர்த்தியதும் சத்தம் குறையும். முதலாவதைத் தளர்த்துகிறேன், டீசல் பிசிர் முகத்தில் அடிக்கிறது, வண்டி துள்ளுகிறது, சத்தம் அப்படியே. இறுக்கிவிட்டு இரண்டாவது. அப்படியே. மூன்றாவது, நான்காவது, அப்படியே. எந்த சிலிண்டரிலும் இல்லாத சத்தம் எங்கிருந்து வருகிறது? நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்கிறேன், உள்ளே நடப்பது எல்லாம் கேட்க வேண்டும், பேரிங் போயிருந்தால் கனத்த அடி கேட்கும், டேப்பட் இடைவெளி என்றால் மெல்லிய தட்டல் கேட்கும். கேட்பதென்னவோ தறி. பக்கத்துத் தறி, எதிர்த்தறி, தரை வழியாக, டயர் வழியாக, சேஸிஸ் வழியாக ஏறி என் காதுக்குள் சடக் சடக் என்கிறது, நடுவில் என் டக் ஒன்று மிதந்து போகிறது, பிடிக்கப் போனால் காணோம். பயமாக இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. கரட்டுப் பாதையில் நடு வளைவில் இழுவை இல்லாமல் நின்று, பின்னால் உருண்டால்? உள்ளே பாப்பா, புனிதா, என் அம்மா, வாயும் வயிறுமாக என் தங்கச்சி. இப்போது புகை விடுகிற இஞ்சின் அங்கே என்ன செய்யாது? வாடகைக்கு வேறு வண்டி பிடி என்று மனசு சொல்கிறது, பிடித்தால் அந்த டிரைவர் குடிக்காதவன் என்று யார் சொன்னது. மறுபடி முதலிலிருந்து வருகிறேன். டீசல் சுத்தம், டாங்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டிப் பார்த்தாகிவிட்டது. நாசில் சோதித்ததுதான். டைமிங் குறியைக் கண்ணாடி வைத்து மறுபடி பார்த்தேன், சரியாகத்தான் சேர்ந்திருக்கிறது, அப்படியென்றால் குறியையே மாற்றிப் போட்டுவிட்டானோ. ஏர் ஃபில்டர்? அதைப் பார்க்க வேண்டியதில்லை, புத்தம் புதுசு, நானே வாங்கி நானே என் கையால் மாட்டினது. இந்த வண்டியில் சந்தேகப்பட வேண்டாத ஒரே சாமான் அதுதான்.

"ஏனுங்க, சித்த நிறுத்துங்க, ஊடெல்லாம் பொக" என்று உள்ளேயிருந்து புனிதாவின் குரல் வருகிறது, பேசிவிட்டாள், ஆனாலும் அது என்னிடம் பேசியது இல்லை, புகையிடம் பேசியது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சத்தம் எங்கே ஒளிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரை மறுபடி ஊன்றுகிறேன், கண்ணை மூடிக்கொள்கிறேன், அப்போதுதான் அது நடந்தது. தெருவே நின்றது. ஒரே மூச்சில், வலது பக்கம், இடது பக்கம், பின்பக்கம், எல்லாத் தறியும் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தன. கரண்ட் போய்விட்டது. எங்கோ ஒரு காக்கை, யாரோ இருமுவது, குழாயில் தண்ணீர் சொட்டுவது, இதெல்லாம் இந்தத் தெருவில் நாள்தோறும் நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. என் இஞ்சின் மட்டும் தனியாக ஓடுகிறது. நான் அதைக் கேட்கிறேன். பிளாக்குக்குள் ஒரு குறையும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரின் வழியாக வருவது நல்ல இஞ்சினின் சத்தம், சீராக, கனமாக, நான் பூட்டிய ஒவ்வொரு ரிங்கும் தன் வேலையைச் செய்கிற சத்தம். டக் அங்கே இல்லவே இல்லை. அது மேலே, இடது ஓரத்தில், தகரத்தின் மேல் ஏதோ சின்னதாக மோதுகிற மாதிரி, டக், டக், ஒன்று விட்டு டக். கையை வைத்துப் பார்க்கிறேன். ஏர் ஃபில்டர் டப்பா. உள்ளங்கைக்குள் அது துடிக்கிறது.

இஞ்சினை நிறுத்துகிறேன். டப்பாவின் மூடிக்கு ஸ்பேனர் வேண்டாம், இரண்டு கொக்கிகள்தான், யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யார் வேண்டுமானாலும். திறக்கிறேன். காற்று உள்ளே வருகிற வாயில், உறிஞ்சி இழுத்து ஒட்டவைத்த மாதிரி, ஒரு மஞ்சள் துணி முடிச்சு. மேலே சிவப்புக் கயிற்றால் சுற்றிக் கட்டிய ஒரு சின்னச் செப்புத் தகடு, அதன் மூலை தகரத்தில் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. காற்று இல்லாமல் இஞ்சின் மூச்சுத் திணறியிருக்கிறது, எரியாத டீசலைக் கறுப்பாகக் கக்கியிருக்கிறது, இவ்வளவுதான். கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை, சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன், சொன்னேனா இல்லையா, உள்ளே என்னத்தைப் போட்டாய் என்று கேட்டேனா இல்லையா, வெறும் சந்தேகம் என்று யார் சொன்னது. செய்வினை. தகடு வைத்திருக்கிறான். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை, சாமி கிடையாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய்ச் சொன்னவர் என் அப்பா, அறிவழகன் என்று எனக்குப் பேர் வைத்தார், நான் ஒரு கோயில் வாசலையும் மிதிக்காதவன், நாளைக்குப் போவதுகூட புனிதா அழுததற்காகத்தான், பாப்பாவுக்கு அஞ்சு வயசு வரைக்கும் காதுகுத்தைத் தள்ளிப்போட்டதும் நான்தான். நம்பவில்லை, ஆனாலும் முதுகில் சில்லென்று இருக்கிறது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிரித்துத் தகட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறேன். ஆணியால் கீறின எழுத்து. முதலில் என் பேர். அறிவழகன். அதற்குக் கீழே புனிதா. அதற்குக் கீழே இளவேனில். கீழே ஒரு சாமியின் பேர், எங்கள் குலசாமியின் பேர், இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாத சாமி. முடிச்சுக்குள் திருநீறு.

"புனிதா." இவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டு இந்தத் தெருவில் யாருக்கும் கேட்டதில்லை, அவளுக்குக் கேட்டுவிட்டது, அந்த அமைதி அப்படி. வந்தாள், என் கையைப் பார்த்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். "இதை யாரு வெச்சது?" "நாந்தானுங்க." "அவன் இல்லையா?" "அவன் கொண்டாந்தான். நாந்தான் வெச்சேன். கண்ணுக்குத் தெரியாத எடத்துல, வண்டிக்கு உசுரு எங்கியோ அங்க வெக்கோணும்னு பூசாரி சொன்னாராம். காத்து போற எடந்தான் இஞ்சினுக்கு உசுருன்னு நீங்கதான தினமும் சொல்லுவீங்க." நான் சொல்வேன்தான். சாப்பிடும்போதுகூடச் சொல்வேன். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" "சொன்னா வெக்க உடுவீங்களா? போன வருசம் எங்கம்மா குடுத்த மந்திரிச்ச கவுத்த அத்து சாக்கடையில வீசுனீங்களே." அவள் பின்வாங்கவில்லை. "பொக வந்தப்ப இதாலதான்னு எனக்குத் தோணுல. சாமி முடிச்சு எப்படிங்க பொக போடும்? நீங்க கேட்டதும் அவன் என்னைப் பாத்தான், நான் சொல்லாதன்னேன்." உதட்டால் சொல்லியிருப்பாள். நான் அப்போது அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க குலசாமி அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே வழி தெரியாது." "உங்கம்மாவக் கேட்டுக்கிட்டுப் போனான். ஷிப்ட் முடிச்சுப்போட்டு வெறுங்கால்லயே நடந்து போய்ட்டு வந்தான், கரடு ஏறி. காலெல்லாம் கொப்புளம். மாமா போகாட்டி போகட்டுங்க்கா, அவுங்க சாமிகிட்ட அவுங்களுக்காக ஆராச்சும் ஒருத்தர் போய் நிக்கோணும்லன்னான்." எனக்கு அந்தக் கால் ஞாபகம் வந்தது, தார்ப்பாயில் உட்காரும்போது அதை மடக்க முடியாமல் நீட்டி வைத்துக்கொண்டு டார்ச் பிடித்த கால், நான் அதைப் பார்த்து என் ஹெட்டை எங்கே போட்டாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். என் சந்தேகம் சரிதான், அவன் கொண்டுவந்த சாமான்தான் என் வண்டியைக் கெடுத்தது, ஒரு பிசகும் இல்லாமல் சரி. இவ்வளவு சரியாக இருந்தும் எனக்கு அழுகை வந்தது, வேஸ்ட் துணியால் முகத்தைத் துடைத்துக் கரியைப் பூசிக்கொண்டேன்.

"ஏறு, பாப்பாவயும் ஏத்து." மூடியைப் போட்டுக் கொக்கிகளை மாட்டுகிறேன், முடிச்சை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, கீழே வைக்க மனசு வரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். சாவியைத் திருப்புகிறேன். பிடித்தது. காத்திருக்கிறேன், அந்த ஒரு மூச்சு, வழக்கமாக டக் ஆரம்பிக்கிற இடம் வந்தது, போனது, ஒன்றும் இல்லை. தெருவில் இறங்கும்போது கரண்ட் வந்துவிட்டது, எல்லாத் தறியும் மறுபடி சடசடக்க ஆரம்பித்துவிட்டன, இனி என் வண்டியின் சத்தம் எனக்குக் கேட்காது, கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். பஸ் வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. தெருக்கோடிப் பெரிய தறிக்கூடத்தை ஒட்டி நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கிறது, நிறுத்தத்து பெஞ்சில் யாரும் இல்லை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான், நேராகப் பார்த்துக்கொண்டு. வேனை பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி ஹாரனை அழுத்துகிறேன், தறிச் சத்தத்தில் ஹாரன் எதற்கு ஆகும், மறுபடி அழுத்துகிறேன், திரும்பினான். என்னைப் பார்த்தான். "பூபதி" என்று கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை. என்ன செய்வது, எனக்கு அந்தப் பாஷை வராது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்துக் காட்டினேன், அவன் முகம் காலையில் மாதிரியே வெளுத்தது, ஐயோ, அதற்கில்லை, அதை மறுபடி நெஞ்சோடு பையில் வைத்தேன், வலது கையால் என் தொடையைத் தட்டினேன், இரண்டு தடவை தட்டினேன், அவனைக் காட்டினேன், பாப்பாவைக் காட்டினேன், மறுபடி தொடையைத் தட்டினேன். உதட்டை அசைத்தேன், குரல் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக. நாளைக்கு. மடி. உன் மடி. சரியாக அசைந்ததோ என்னவோ, ஊமைப் படம் மாதிரி இருந்திருக்கும், பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான், அவன் உதடு அசைந்தது. நீளமாக ஒரு வாக்கியம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெண் பார்த்த அன்று புரியாத மாதிரியே இன்றும் புரியவில்லை. திட்டுகிறானா, வரமாட்டேன் என்கிறானா, என் மூஞ்சியில் முழிக்காதே என்கிறானா, சொன்னாலும் சரிதான், ஆனால் என்னவென்று தெரிய வேண்டுமே. புனிதாவைப் பார்த்தேன், அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் மறைத்திருக்கும், அவளும் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த பாப்பாவிடம் குனிந்து காதுக்குள் கத்தினேன், "பாப்பா, மாமன் என்ன சொல்றான்?" அது எக்கி என் காதில் வாயை வைத்தது. "பொக நின்னுருச்சுங்களா மாமான்னு கேக்கறாருப்பா."

கியரை நியூட்ரலில் தள்ளி ஆக்சிலேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன், பிடித்துக்கொண்டே இருந்தேன். அவன் ஜன்னல் வழியாகத் தோள் வரைக்கும் வெளியே வந்து, என் முகத்தைத் தாண்டி, பாப்பாவைத் தாண்டி, வண்டிக்குப் பின்னால் சைலன்சரை எட்டிப் பார்த்தான். நானும் கண்ணாடியில் பார்த்தேன், சுத்தமான வெயில்தான் இருந்தது. கண்டக்டர் விசில் ஊதியிருப்பார், பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது, அப்புறம் யாரோ தட்டி நிறுத்தின மாதிரி நின்றது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் படியில் இறங்கிக்கொண்டிருந்தான், வலது காலை மெதுவாக ஊன்றி.